சாட்சியின் கண்ணும் ஜூரியின் மனமும்

மதிப்பிற்குரிய ஐயா,

உளவியலில் முதுகலை முடித்துவிட்டு இப்போது சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் எபர்ஹார்ட்டைப் பற்றி நீங்கள் ஓர் உரையில் பேசியதைக் கேட்டதிலிருந்து, உளவியல், சட்டம், இன ஆய்வு மூன்றும் சேரும் இடத்தில் ஆய்வு செய்ய வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. முப்பது ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கும் என் மாமா, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் வக்கீலாகவும் ஆகமாட்டாய், ஆய்வாளராகவும் ஆகமாட்டாய்" என்கிறார். அவர் சொல்வது சரிதானா? இனம் என்று உயிரியலில் ஒன்றுமே இல்லை என்கிறார்கள். இல்லாத ஒன்றை எப்படி ஆராய்வது? அப்படி ஆராய்ந்து எழுதுவதை நீதிமன்றங்கள் பொருட்படுத்துகின்றனவா? ஆய்வேட்டின் முன்வரைவை உங்களுக்கு அனுப்பலாமா?

அன்புடன்,
க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் மாமாவின் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். மூன்று துறைகளைச் சேர்க்க வேண்டும் என்ற ஆசையிலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அவர் சொல்லும் இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். எபர்ஹார்ட் அப்படித் தொடங்கவில்லை என்பதால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், கறுப்பின மக்கள் மிகுந்த ஒரு பகுதியில் வளர்ந்தவர் அவர். பன்னிரண்டு வயதில் குடும்பம் பீச்வுட் என்ற வெள்ளையர் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. புதிய பள்ளியில் எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அவருக்கு முகங்கள் பிடிபடவில்லை. முந்தின நாள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிய சிறுமி யார் என்பது மறுநாள் தெரியவில்லை. வெள்ளைச் சிறுமிகள் எல்லோரும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தார்கள். வெறுப்போ அச்சமோ இல்லாத ஒரு குழந்தையின் கண்ணே இப்படிப் பிரித்துப் பார்க்கிறது என்றால், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் அவருடைய பிற்கால வேலை முழுவதற்கும் விதை. ஹார்வர்டில் 1993-இல் முனைவர் பட்டம் பெற்று, யேலில் சில ஆண்டுகள் கற்பித்து, 1998-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தார். அவர் சட்டம் படித்தவர் அல்லர். அவருடைய கேள்வி போன வழியில் காவல் நிலையமும் நீதிமன்றமும் இருந்தன. அதனால் அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். பட்டமளிப்பு விழாவுக்கு முந்தைய நாள் பாஸ்டனில், காரின் பதிவு காலாவதியாகிவிட்டது என்பதற்காக நிறுத்தப்பட்டு, காரிலிருந்து இழுக்கப்பட்டுக் கைதானதை அவரே எழுதியிருக்கிறார். அந்த ஒரு நாள்தான் அவரைத் திருப்பியது என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. அதற்குள் அவர் ஆய்வில் ஆண்டுக்கணக்காக இறங்கியிருந்தார்.

இல்லாத இனத்தை எப்படி ஆராய்வது என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு வழக்கே விடையாக இருக்கிறது. அமெரிக்கக் குடியுரிமை பெற "வெள்ளையர்" ஆக இருக்க வேண்டும் என்ற விதி இருந்த காலம் அது. (ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குத் தனி வழி இருந்தது.) ஜப்பானில் பிறந்த டகாவோ ஒசாவா தன் தோல் வெளுப்புதான் என்று வாதிட்டபோது, 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நிறத்தைப் பார்க்க மறுத்தது, வெள்ளையர் என்றால் காக்கேசியர் (ஐரோப்பியர் முதலியோருக்கு அன்றைய மானுடவியல் வைத்திருந்த இனப்பெயர்), நீ காக்கேசியன் அல்லன் என்றது. மூன்று மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில், பஞ்சாபில் பிறந்து அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் அதே நீதிமன்றத்தின் முன் நின்றார். அன்றைய மானுடவியலாளர்களின் வகைப்பாட்டில் நான் காக்கேசியன்தானே என்று கேட்டார். அறிவியல் வகைப்பாடு இங்கே செல்லாது, சாதாரண மனிதன் யாரை வெள்ளையன் என்று நினைக்கிறானோ அவனே வெள்ளையன் என்று பதில் வந்தது. இரண்டு தீர்ப்புகளையும் எழுதியவர் ஜார்ஜ் சதர்லாண்டு என்ற ஒரே நீதிபதி. இனம் உயிரியலில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் திந்தின் குடியுரிமையைப் பறிக்கும் அளவுக்கு அது இருந்தது. ஆராய வேண்டியது தோலை அன்று, அந்தச் "சாதாரண மனிதன்" நினைப்பதை. அங்கேதான் உளவியலுக்கு வேலை வருகிறது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. நான் பார்த்தவரையில், பாதிக்கப்பட்டவரின் மனத்தைப் பற்றியோ சாட்சியின் கண்ணைப் பற்றியோ உளவியல் பேசினால் அமெரிக்க நீதிமன்றங்கள் காது கொடுக்கின்றன. தண்டிக்கிறவரின் மனத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் கதவு சாத்தப்படுகிறது.

எபர்ஹார்ட்டுக்குப் பள்ளியில் நேர்ந்த முகக்குழப்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேற்றினத்தவரின் முகத்தை அடையாளம் காண்பதில் மனிதர்கள் கூடுதலாகத் தவறுகிறார்கள் என்பது 1960-களின் இறுதியிலிருந்து திரும்பத் திரும்ப உறுதியான முடிவு. நியூ ஜெர்சி மாநிலத்தின் குரோமெடி வழக்கில், தன்னைத் தாக்கியவர் என்று ஒரு கறுப்பின ஆணைச் சம்பவம் நடந்து பல மாதம் கழித்துத் தெருவில் பார்த்து ஒரு வெள்ளைப் பெண் அடையாளம் காட்டினார். அது ஒன்றே முக்கியச் சான்று. 1999-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து, இத்தகைய வழக்குகளில் இந்தக் குறைபாட்டைப் பற்றி ஜூரிக்கு, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் பொதுமக்கள் குழுவுக்கு, தனியாக எடுத்துச்சொல்ல வேண்டும் என்றது. பின்னர் மரபணுச் சோதனை அவர் குற்றவாளி அல்லர் என்று காட்டியது. நீதிமன்றத்துக்கு இதில் சங்கடம் ஒன்றும் இல்லை. தவறியது சாட்சியின் கண். நீதியின் கண் அன்று.

இப்போது ஃபிலடெல்ஃபியாவுக்கு வாருங்கள். 1979 முதல் 1999 வரை அங்கே மரண தண்டனைக்கு இடமிருந்த 600-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளின் தொகுப்பிலிருந்து, கொலையுண்டவர் வெள்ளையராகவும் தண்டிக்கப்பட்டவர் கறுப்பின ஆணாகவும் இருந்த 44 வழக்குகளை எபர்ஹார்ட்டும் அவர் குழுவினரும் பிரித்தெடுத்தார்கள். அந்த 44 பேரின் படங்கள் மாணவர்களிடம் காட்டப்பட்டன. இவர்கள் யார், என்ன செய்தவர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கறுப்பினத்தவர் என்றதும் மக்கள் மனத்தில் எழும் வழக்கமான முகத்தோற்றத்துக்கு ஒவ்வொரு முகமும் எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பெண் இடுவது மட்டுமே அவர்கள் வேலை. அகன்ற மூக்கு, தடித்த உதடு, கருமை கூடிய தோல் ஆகியவற்றையே அவர்கள் பார்த்தார்கள். கொலையின் கொடூரம், தணிக்கும் சூழல்கள், இரு தரப்பின் பொருளாதார நிலை, முகக்கவர்ச்சி ஆகியவற்றுக்கெல்லாம் கணக்கில் இடம் கொடுத்த பிறகும், அந்தத் தோற்றத்துக்கு நெருங்கிய பாதியினரில் 57.5 சதவீதம் பேருக்கு மரண தண்டனை கிடைத்திருந்தது. விலகிய பாதியினரில் 24.4 சதவீதம் பேருக்கு. கொலையுண்டவரும் கறுப்பினத்தவராக இருந்த வழக்குகளில் இந்த வேறுபாடு அடியோடு மறைந்துபோனது.

2006-இல் வெளியான கட்டுரை இது. படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன் என்பது உண்மை. ஆனால் சட்டத்தின் கணக்கில் அவை எங்கே போய்ச் சேரும்? கட்டுரை வருவதற்கு 19 ஆண்டுகள் முன்பே அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் 2,000-க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை ஆராய்ந்த டேவிட் பால்டஸின் குழு, வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு, கறுப்பினத்தவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு உள்ளதைப்போல் 4.3 மடங்கு என்று காட்டியது. அந்த மாநிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட மெக்ளெஸ்கி என்ற கறுப்பினத்தவர் அதைச் சான்றாக வைத்து வாதிட்டார். 1987-இல் அந்த மெக்ளெஸ்கி எதிர் கெம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஆய்வு சரியானது என்றே வைத்துக்கொண்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைப் புறந்தள்ளியது. இந்த ஒரு மனிதனின் வழக்கில், இந்த ஜூரிகள், இனத்தை மனத்தில் வைத்தே வேண்டுமென்று தீர்ப்பளித்தார்கள் என்று காட்டு என்றது சட்டம். எபர்ஹார்ட் போன்றவர்களின் ஆய்வு சொல்வதோ, அவர்கள் வேண்டுமென்று செய்யாமலேயே அது நடக்கிறது என்று. சட்டம் தனி ஒருவனைக் கேட்கிறது, உளவியல் சராசரியைச் சொல்கிறது. சட்டம் நோக்கத்தைத் தேடுகிறது, உளவியல் நோக்கம் தேவைப்படாத செயலைக் காட்டுகிறது. நீங்கள் நுழைய விரும்பும் துறை இந்த இடைவெளியில் குடியிருப்பது என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், எந்த வழக்கிலாவது உங்கள் வாக்கை மாற்ற விரும்புவீர்களா என்று 1991-இல் தன் வரலாற்றை எழுதியவர் கேட்டபோது, மெக்ளெஸ்கி வழக்கில் என்றார். அதே ஆண்டில்தான் மெக்ளெஸ்கி மின்நாற்காலியில் கொல்லப்பட்டார்.

கதவு திறந்த வழக்கு ஒன்றும் உண்டு. அதையும் கொண்டாட்டமில்லாமல் பார்க்க வேண்டும். கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கறுப்பினத் தம்பதியரின் பொம்மைச் சோதனையை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். கல்லூரி முடித்த கோடையில் மேமி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்த்தார் என்பதையும், இனப் பிரிவினைக்கு எதிரான வழக்குகளை வழக்கறிஞர்கள் ஆயத்தம் செய்ததை அங்கேதான் அருகிருந்து கண்டார் என்பதையும் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. 1951-இல் தென் கரோலினாவின் கிளாரண்டன் கவுண்டியில், பள்ளிப் பிரிவினைக்கு எதிரான ஒரு வழக்குக்காக, கென்னத் 16 கறுப்பினக் குழந்தைகளின் முன் வெள்ளைப் பொம்மையையும் பழுப்புப் பொம்மையையும் வைத்தார். 10 குழந்தைகள் வெள்ளைப் பொம்மைதான் பிடிக்கும் என்றார்கள். 11 பேர் கெட்டதாகத் தெரிவது பழுப்புப் பொம்மை என்றார்கள். உன்னைப் போல இருப்பது எது என்று அதன்பிறகு கேட்பதுதான் அந்தச் சோதனையின் கொடுமையான கட்டம். பிற ஊர்களில் அந்தக் கேள்விக்குச் சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடியதைக் கென்னத் பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1954 மே 17 அன்று, அந்த வழக்கையும் உள்ளடக்கிய பிரவுன் எதிர் கல்வி வாரியம் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பள்ளிப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கியபோது, தீர்ப்பின் 11-ஆம் அடிக்குறிப்பில் முதலில் நின்றது கென்னத் கிளார்க்கின் பெயர்.

ஆனால் 16 குழந்தைகள் என்பது என்ன எண்ணிக்கை? அதோடு, கிளார்க் தம்பதியரின் முந்தைய ஆய்வில், வடக்கே கலப்புப் பள்ளிகளில் படித்த கறுப்பினக் குழந்தைகளே வெள்ளைப் பொம்மையைச் சற்றுக் கூடுதலாக விரும்பியிருந்தார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைச் சுட்டிக்காட்டாமல் விடவில்லை. தீர்ப்பை வரவேற்ற சட்டப் பேராசிரியர் எட்மண்ட் கான்கூட, அரசமைப்புச் சட்ட உரிமை இவ்வளவு மெல்லிய அறிவியலின் மேல் நிற்கக்கூடாது என்று 1955-இல் எச்சரித்தார். அவர் அஞ்சியது நடந்தது. 1963-இல் ஜார்ஜியாவின் சவான்னாவில் பிரிவினை ஆதரவாளர்கள் தங்கள் பக்கத்து நிபுணர்களைக் கூண்டில் ஏற்றி, பிரித்துவைப்பதே குழந்தைகளுக்கு நல்லது என்று சொல்லவைத்தார்கள். விசாரணை நீதிபதி அதை ஏற்றும்கொண்டார். மேல்முறையீட்டில்தான் அது தள்ளுபடியானது. இந்த விஷயத்தில் நான் கான் பக்கம். உரிமை இருக்கிறதா என்பதைச் சோதனைக்கூடம் தீர்மானிக்கக்கூடாது. உரிமை எப்படிப் பறிபோகிறது என்பதைச் சோதனைக்கூடம் காட்டலாம்.

எபர்ஹார்ட்டின் தொடக்க காலச் சோதனைகளில், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் முகங்களைக் காட்டிவிட்டு மங்கலான துப்பாக்கிப் படத்தை எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறார்கள் என்று அளக்கும் வகையும் உண்டு. அவ்வகைச் சோதனைகள் பல, திரும்பச் செய்து பார்த்தபோது நிற்காமல் போன காலம் இது என்பதால், அவற்றை நான் இப்போது தயக்கத்துடனேயே மேற்கோள் காட்டுகிறேன். அவருடைய வலிமையான வேலை கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் நடந்தது. காவலர்களின் அத்துமீறல் வழக்கு ஒன்றில் 2003-இல் ஏற்பட்ட உடன்பாட்டால் அந்நகரக் காவல் துறை கூட்டாட்சி நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருந்தது. காவலர்களின் உடையில் பொருத்திய கேமராக்களில் பதிவான 981 வாகன நிறுத்தங்களின் பேச்சை, 245 காவலர்கள் சொன்ன சொற்களை, மொழியியலாளர்களோடு சேர்ந்து எழுத்தாக்கிப் பகுத்து, 2017-இல் வெளியிட்டார்கள். "நிறுத்தியதற்கு மன்னியுங்கள், என் பெயர் இன்னது" என்று தொடங்குவதும், "சரிங்க அம்மா, பார்த்துப் போங்க" என்று முடிப்பதும் ஒரு வகை. "சரிப்பா, ஸ்டியரிங்கிலேயே கையை வை" என்பது இன்னொரு வகை. எதிரில் இருப்பவரின் இனம் தெரியாமல் படித்தவர்கள் இட்ட மரியாதை மதிப்பெண்ணை வைத்துக் கணினி பகுத்தபோது, கறுப்பின ஓட்டுநர்களுக்குக் கிடைத்த மரியாதை குறைவாகவே இருந்தது. காவலர் எந்த இனத்தவர் என்பதால் அது மாறவில்லை. திட்டு இல்லை, அடி இல்லை, வழக்குத் தொடர ஒன்றும் இல்லை. நம் ஊரில் "வாங்க", "வா" என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே என்னென்ன கிடக்கிறது என்று அறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே மாற்றத்துக்கான கருவி ஒரு படிவம். வண்டியை நிறுத்தும் முன், இந்த நிறுத்தத்துக்குக் குறிப்பிட்ட துப்பு ஏதும் இருக்கிறதா என்று காவலர் தன்னையே கேட்டுக் குறிக்க வேண்டிய ஒரு கேள்வி அதில் சேர்க்கப்பட்டது. 2017-இல் ஏறத்தாழ 32,000 ஆக இருந்த நிறுத்தங்கள் 2018-இல் 19,000 அளவுக்கு இறங்கின. அந்த ஒரு கேள்விதான் முழுக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டமும் சிறிது நகர்ந்திருக்கிறது: 2020-இல் கலிஃபோர்னியா இயற்றிய இன நீதிச் சட்டம், வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்று நிறுவத் தேவையில்லை, புள்ளிவிவரமும் சான்றாகலாம் என்கிறது. மெக்ளெஸ்கிக்கு மறுத்ததை ஒரு மாநிலம் 33 ஆண்டுகள் கழித்துத் தன் எல்லைக்குள் தந்திருக்கிறது.

ஆகவே உங்கள் மாமாவிடம், மூன்று துறைகளிலும் பாதிப் பாதியாக இருக்கப் போவதில்லை என்று சொல்லுங்கள். ஒரு துறையில் முழுக் கைத்தொழில் வேண்டும். உங்களுக்கு அது உளவியலின் புள்ளியியலாக இருக்கலாம். மற்றதில், அந்தத் துறைக்காரர் எதைச் சான்று என்று ஏற்பார் என்பது பிசிறில்லாமல் தெரிய வேண்டும். சான்றுச் சட்டத்தை அதற்காகவாவது கருத்தாகப் படியுங்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1974 முதலே சட்டத்தையும் உளவியலையும் சேர்த்துக் கற்பிக்கிறது; அதைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். ஆனால் சேர்க்கைப் பட்டம் இல்லாமலும் இந்த வேலை நடந்திருக்கிறது என்பதற்கு எபர்ஹார்ட்டே சான்று.

முன்வரைவை அனுப்புங்கள். அதற்கு முன் மெக்ளெஸ்கி தீர்ப்பை நீதிபதி பிரென்னனின் மறுப்புரையோடு முழுமையாகப் படித்துவிடுங்கள். இந்த ஆய்வை ஏற்றால் மற்ற தண்டனைகளும் கேள்விக்குள்ளாகுமே என்ற பெரும்பான்மையின் கவலையை, நீதி அளவுக்கு மீறிப் போய்விடுமோ என்ற அச்சம் என்று அவர் அதில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு ஓர் உளவியலாளராக நீங்கள் என்ன பதில் எழுதுவீர்கள் என்பதை வரைவின் முதல் பக்கத்தில் எதிர்பார்க்கிறேன்.