ஒட்டுக்கு மேல் ஒட்டு வரக்கூடாது: லெகோ கட்டைகள் பற்றிக் கேள்வி பதில்

இந்தத் தீபாவளிக் கண்காட்சியில் நம் பிள்ளைகள் லெகோ கட்டைகளில், அதாவது ஒன்றன்மேல் ஒன்று மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளில், ஏதாவது செய்து வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. எனக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கட்டுமானப் பொறியாளர் வேலை. பகலெல்லாம் கான்கிரீட், கம்பி. ராத்திரியானால் சாப்பாட்டு மேசையில் இந்தக் கட்டைகள். பதினைந்து வருஷமாக இதுதான் பிழைப்பும் பிரியமும். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, என் பையனுக்கு ஒன்பது வயசு. கோபுரம் கட்டுகிறான். ஒரு முழம் உயர்ந்ததும் சாய்ந்து பிளந்துவிடுகிறது. அழுகிறான். கட்டை போதவில்லையா, இல்லை கட்டையே பலமில்லையா? (சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அம்மா)

கட்டை பலமானதுதான் அம்மா. 2012இல் இங்கிலாந்தின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் இரண்டுக்கு இரண்டு கட்டையை, அதாவது தலையில் இரண்டு வரிசையாக நான்கு குமிழ் உள்ள கட்டையை, இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். சராசரியாக 4,240 நியூட்டன் வரை, அதாவது 430 கிலோவுக்கு மேல் தாங்கியது. கணக்குப் போட்டால், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமார் 3,75,000 கட்டைகள், மூன்றரை கிலோமீட்டர் உயரம் அடுக்கினால்தான் அடிக்கட்டை நசுங்கும். உங்கள் பையனின் கோபுரம் பாரத்தால் விழவில்லை. பக்கவாட்டில் பிரிந்துதான் விழுகிறது.

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எந்தப் பிடிப்பும் கிடையாது. மேலே ஒன்று இரண்டையும் சேர்த்து அமர்ந்தால்தான் அவை பிரியாமல் நிற்கும். ஊரில் கொத்தனார் செங்கல் வைப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒட்டுக்கு மேல் ஒட்டு வரக்கூடாது. கீழ் வரிசையில் இரண்டு கல் சேரும் ஒட்டு, மேல் வரிசைக் கல்லின் நடுவில் வர வேண்டும். இதை முதலில் நானே மீறினேன். மூன்றடிக் கோபுரத்துக்கு நான்கு சுவரையும் தனித்தனியாகக் கட்டி, கடைசியில் மூலையில் சேர்த்தேன். மேசையில் கம்பீரமாக நின்றது. காரிலிருந்து இறக்கும்போது ஒரு மூலை புத்தகம் விரிவதுபோல் மேலிருந்து கீழ்வரை திறந்துகொண்டது. மூலையில் ஒரு வரிசையில் கிழக்குச் சுவரின் கட்டை குறுக்கே போக வேண்டும், அடுத்த வரிசையில் தெற்குச் சுவரின் கட்டை. விரல்களைக் கோப்பதுபோல.

இன்னும் இரண்டு விஷயம். உள்ளே வெற்றிடம் விடலாம், ஆனால் ஒவ்வொரு நிலை முடிந்ததும் முழுத்தளமாக பிளேட் (மெல்லிய தட்டைக் கட்டை) போட்டு மூடிவிட்டு, அடுத்த நிலையை ஒரு குமிழ் உள்ளே தள்ளி ஆரம்பியுங்கள். அந்தத் தளம்தான் நான்கு சுவரையும் இழுத்துப் பிடிக்கும். ஒவ்வொரு வரிசையையும் ஒரு மரப்பலகை வைத்து அழுத்துங்கள். சரியாக உட்காராத கட்டை முடியளவு தூக்கி நிற்கும். நாற்பது வரிசையில் அது ஒரு விரலளவு சாய்வாகிவிடும்.

பையனிடம் இதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்பகுதிதான் கருங்கல். மேல்நிலைகள் பாரம் குறையச் செங்கல்லும் சுதையும். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் நேட்டாலில் (டர்பன் இருக்கும் பகுதி) கட்டிய பழைய கோயில்களிலும் செங்கல்லும் பூச்சும்தான். அவன் செய்வது அதே வேலை.

அங்கிள், கோபுரத்துப் பொம்மைகள் வெளியே பார்க்க வேண்டும் என்று கட்டையைப் படுக்கவைத்துச் சொருகினேன். எங்கேயுமே அளவு சேரவில்லை. (ஃபீனிக்ஸ், பத்தாம் வகுப்பு)

சரியான இடத்தில் இடித்திருக்கிறாய் தம்பி. ஒரு கட்டையை விரலில் பிடித்துப் பார். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6. இரண்டும் சமமில்லை, அதனால்தான் சேரவில்லை. ஆனால் மெல்லிய பிளேட் கட்டையில் மூன்றிலொரு பங்கு, 3.2 மில்லிமீட்டர். ஐந்து பிளேட் அடுக்கினால் 16. இரண்டு குமிழ் அகலமும் 16! ஒரு கட்டையும் இரண்டு பிளேட்டும் சேர்ந்தாலும் அதே ஐந்து. இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மேலே, பக்கத்தில், தலைகீழாக எந்தத் திசையில் வேண்டுமானாலும் கட்டலாம். பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகள் தனியாகக் கிடைக்கும்; அவற்றைச் சுவருக்குள் வைத்து, வெளியே பொம்மையை மாட்டு.

எனக்கு இந்தக் கலையில் மிகவும் பிடித்தது இதுதான். களிமண் நம் இஷ்டத்துக்கு வளையும். கட்டை வளையாது, நாம்தான் அதன் கணக்குக்குள் வழி தேட வேண்டும். வெண்பாவுக்குத் தளைபோல.

சைனா கடையில் பாதி விலைக்கு விற்கிறார்களே, அது சட்டப்படி சரியா? லெகோவோடு சேருமா? (லெனேசியா, ஜோஹன்னஸ்பர்க்)

சரிதான். கட்டையின் அடியில் குழாய் வைத்து, குமிழைக் கவ்விப்பிடிக்கும் முறைக்கு டென்மார்க்கில் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த உரிமை முடிந்து பல காலமாகிறது. கட்டையின் வடிவத்தையே வணிகச் சின்னமாக்க முடியாது என்று 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தரம் மட்டும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும். பத்துக் கட்டையை அடுக்கி, ஒரு நுனியை மட்டும் பிடித்துப் படுக்கைவாட்டில் நீட்டிப் பாருங்கள். நடுவில் வாய் திறந்தால் கோபுரத்துக்கு வேண்டாம், தட்டையான படங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு லெகோவில் சிக்குக் கோலம் போட முடியுமா? நேர்கோட்டுக் கோலம் வந்துவிட்டது. சிக்கு மட்டும் வரவேயில்லை. (மெரிபேங்க், ஆசிரியை)

டீச்சர், இந்தக் கேள்விக்காகவே இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். முடியும்.

48க்கு 48 குமிழ் உள்ள பேஸ் பிளேட்டை (அடித்தட்டை) எடுங்கள். 38.4 சென்டிமீட்டர் சதுரம், 2,304 குமிழ். ஏற்கெனவே புள்ளி வைத்த வாசல் அது! ஆனால் ஒவ்வொரு குமிழையும் புள்ளியாக எடுத்தால் இழை போக இடமிருக்காது. கால்வட்டமாக வளைந்த இரண்டுக்கு இரண்டு டைல் (மேலே குமிழ் இல்லாத வழவழப்பான தட்டை) ஒன்று உண்டு. நான்கைச் சேர்த்தால் நான்கு குமிழ் அகலத்தில் ஒரு வளையம். உள்ளே இரண்டுக்கு இரண்டு வட்ட டைல் கச்சிதமாக உட்காரும். அதுதான் உங்கள் புள்ளி.

இனி சிக்கல். நேர்ப்புள்ளி வைத்தால் இழை எப்போதும் மூலைவாட்டில், புள்ளிகளுக்கு இடையே சாய்வாக ஓடும். கட்டைக்குச் சாய்வு வராது. அதனால் கோலத்தையே நாற்பத்தைந்து பாகை திருப்பிவிடுங்கள். இப்போது இழைகள் குமிழ் வரிசையோடு நேராக ஓடும், புள்ளிகள் சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களில் மட்டும் விழுவதுபோல் விழும். நம் பாட்டிகள் சொல்லும் ஊடுபுள்ளிதான் அது. ஓரத்துக்கு வந்த இழை திரும்பும் இடத்தில் ஒரே ஒரு கால்வட்ட டைல். அவ்வளவுதான். நேராக ஓடும் இடங்களில் ஒரு குமிழ் அகல நீள டைல். செம்மண் நிற அடி, வெள்ளை இழை. முடித்த பிறகு மொத்தத்தையும் திருப்பி வைரவாட்டில் சுவரில் மாட்டினால் வாசல் கோலம் மாதிரியே இருக்கும்.

முதலில் கட்டம் போட்ட தாளில் வரைந்துகொள்ளுங்கள். இழை ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேருகிறதா என்பதைப் பிள்ளைகள் விரலால் ஓட்டிப் பார்க்கட்டும்.

விளையாட்டுச் சாமானைக் கலை என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா தம்பி? (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, 2014இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய், அமெரிக்காவின் அல்கட்ராஸ் தீவில், பழைய சிறைக் கட்டடத்தின் தரையில் 176 பேரின் முகங்களை லெகோ கட்டைகளால் விரித்தார். எல்லோரும் தங்கள் கருத்துக்காகச் சிறைப்பட்டவர்கள், நாடுகடத்தப்பட்டவர்கள். அவர்களில் நம் மண்டேலாவும் ஒருவர். தானும் ஒரு தீவுச் சிறையில் பதினெட்டு வருஷம் இருந்தவருக்கு, இன்னொரு தீவுச் சிறையில் பிள்ளைகள் விளையாடும் கட்டையில் படம். கிட்டே நின்றால் வெறும் வண்ணச் சதுரங்கள், விலகினால் முகம். அதை எண்ணெய் ஓவியத்தில் செய்திருந்தால் அந்தக் கனம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்த வருஷமே அரசியல் காரணம் காட்டி, மொத்தமாகக் கட்டை விற்க லெகோ நிறுவனம் அவருக்கு மறுத்தது. உலகெங்கும் ஜனங்கள் தங்கள் வீட்டுக் கட்டைகளை அவருக்குக் கொடுத்தார்கள். 2016 ஜனவரியில், இனி எதற்கென்று கேட்க மாட்டோம் என்று நிறுவனம் விதியை மாற்றிக்கொண்டது. வெறும் விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு சண்டை நடக்காது ஐயா.

ஒட்டுவதற்குப் பசை போடலாமா?

பிள்ளைகள் கட்டுவதற்கு வேண்டாம். லெகோ சிற்பி நேதன் சவாயா மாதிரி ஊர் ஊராகச் சிற்பம் கொண்டு போகிறவர்கள் ஒட்டுகிறார்கள், அது வேறு. ஒட்டினால் தவறைப் பிரித்துத் திருத்த முடியாது. 2018இல் பத்து லட்சத்துக்கும் அதிகமான டெக்னிக் (லெகோவின் துளையுள்ள சட்டம், பல்சக்கரம் போன்றவை) துண்டுகளால், 2,304 சின்ன மோட்டார்களோடு, நிஜ அளவில் ஒரு புகாட்டி காரைச் செய்து ஓட்டியே காட்டினார்கள். பசை துளியும் இல்லை.

டர்பன் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் வளைவைச் செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? (வெஸ்ட்வில், பொறியியல் மாணவி)

நல்ல ஆசை அம்மா. நிஜ வளைவு 350 மீட்டர் நீளம், மைதானத்திலிருந்து 106 மீட்டர் உயரம். ஐந்நூறில் ஒரு பங்காகச் செய்தால் 70 சென்டிமீட்டர் நீளம், 21 சென்டிமீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு ஏறக்குறைய 22 கட்டை. வடிவத்துக்கு ஒரு மெல்லிய சங்கிலியை இரண்டு ஆணியில் தொங்கவிட்டுப் படமெடுத்துத் தலைகீழாக்குங்கள். தொங்கும்போது இழுவை மட்டும் தாங்கும் அதே வடிவம், கவிழ்த்தால் அழுத்தத்தை மட்டும் தாங்கும். கட்டைக்கு அழுத்தம்தான் பிடிக்கும்.

நடுத்துளை உள்ள சின்ன வட்டக் கட்டைகளை வளையும் குழலில் மணிபோலக் கோத்தால் வளைவு அழகாக வரும். ஒரு முனை இரண்டு காலாகப் பிரிய வேண்டும் என்பதை மறக்காதீர்கள், நம் தேசியக் கொடியில் கோடு பிரிவதுபோல. கால்கள் வெளியே நழுவப் பார்க்கும். தரைக்கடியில் நீளமான டெக்னிக் சட்டத்தால் இரண்டு முனையையும் கட்டிவிடுங்கள். கூரையைத் தாங்கும் கேபிளுக்குத் தையல் நூல் போதும்.

பழைய கட்டையைச் சுடுதண்ணீரில் கழுவலாமா?

40 டிகிரிக்கு மேல் வேண்டாம், வளைந்துவிடும். நம் ஊர் பிப்ரவரி கோடை வெயிலில் காருக்குள்ளும் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு எழுபது வயசு. பேரன் ஆங்கிலம் மட்டும்தான் பேசுகிறான். பெரிய பெட்டி வாங்கக் காசில்லை. ஏதாவது செய்ய முடியுமா? (டோங்காட், ஒரு தாத்தா)

தாத்தா, ஆறு கட்டை போதும். எட்டுக் குமிழ் கட்டை ஆறு, ஒரே நிறம், அதை 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கணினியில் எண்ணியிருக்கிறார். நம் நாட்டுப் பள்ளிகளிலும் பிள்ளைக்கு ஆறு டூப்லோ கட்டை (சின்னப் பிள்ளைகளுக்கான பெரிய லெகோ), ஒவ்வொன்றும் ஒரு நிறம் என்று கொடுத்துச் சொல்லித்தரும் 'சிக்ஸ் பிரிக்ஸ்' முறை இருக்கிறது.

நீங்களும் பேரனும் ஆளுக்கு ஆறு கட்டைகளோடு, இருவரிடமும் அதே ஆறு நிறங்களாக, முதுகைத் திருப்பி உட்காருங்கள். நீங்கள் ஒன்றைக் கட்டிவிட்டு, கையைக் காட்டாமல் தமிழில் சொல்லுங்கள்: "சிவப்பை அடியில் வை. நீலத்தை அதன்மேல் குறுக்கே வை, இரண்டு குமிழ் வெளியே நீட்டட்டும்." முடிந்ததும் திரும்பி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் அவன் முறை. அவன்தான் சொல்ல வேண்டும், தமிழில். முதல் நாள் மூன்று கட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே நிறமென்றாலும் மூன்றுக்கே 1,060 விதம் இருக்கிறது.