இரும்புக் கையா, எலும்புக் கையா? – கேள்வி பதில்

செயற்கைக் கை, கால்களை அளவெடுத்துச் செய்து பொருத்துவது என் தொழில். இயற்கை உறுப்பைச் செயற்கை உறுப்பு மிஞ்சிவிடுமா என்பதைச் சுற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இயந்திரக் கை கதவையே பிய்த்து எறிவதாகத் திரைப்படங்களில் காட்டுகிறார்கள். உண்மையில் அப்படி ஒரு கை வந்துவிட்டதா ஐயா?

பலமான மோட்டார் செய்வது கடினமில்லை. ஆனால் கையின் பெருமை பலத்தில் இல்லை. உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் மட்டும் ஏறத்தாழ 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன. இருட்டில் பைக்குள் கையை விட்டு, நாணயத்தை ஒதுக்கிவிட்டுச் சாவியை மட்டும் எடுக்கிறீர்களே, அதுதான் கை.

மின்கை பொருத்திக்கொண்ட ஒருவர் காகிதக் குவளையைப் பிடிக்கப் பழகியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். குவளையின் வட்டமான வாய் முட்டை வடிவத்துக்கு நசுங்கத் தொடங்குகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தார். மோட்டாரின் ஓசை கனப்பதையும் காது கொடுத்துக் கேட்டார். விரல் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணும் காதும் செய்தன. பத்தாவது குவளையில் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. செயற்கைக் கை வாங்கியவர்களில் கணிசமானோர் அதை அலமாரியில் வைத்துவிடுவதற்கு இந்தக் களைப்பும் ஒரு காரணம்.

ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் டாட் குய்க்கனும் அவருடைய குழுவினரும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றைச் செய்து காட்டினார்கள். இழந்த கைக்குப் போய்க்கொண்டிருந்த நரம்புகளை மார்புத் தசையில் கொண்டுபோய் இணைத்தார்கள். 'கையை மூடு' என்று நினைத்தால் மார்புத் தசை துடிக்கும். அந்தத் துடிப்பை வாங்கி மின்கை மூடிக்கொள்ளும். மார்புத் தோலைத் தொட்டபோது, இல்லாத விரல்களை யாரோ தொடுவதுபோல உணர்ந்தவர்களும் உண்டு. கை போன பிறகும் கைக்குரிய நரம்பு தன் வேலையை மறக்கவில்லை.

என் அம்மாவுக்கு வயது 68. இடுப்பு மூட்டை மாற்றச் சொல்கிறார்கள். உலோக மூட்டு ஆயுள் முழுக்க உழைக்குமா?

உழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. பல்லாயிரக்கணக்கானவர்களின் பதிவுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வின்படி, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. முழங்கால் மூட்டில் அது சுமார் 82 விழுக்காடு.

உலோகம் உடைந்துதான் மூட்டு கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. உலோகக் குண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் இருக்கும் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் தேய்ந்து நுண்துகள்கள் உதிரும். அவற்றை எதிர்க்கக் கிளம்பும் உடல், சுற்றியிருக்கும் எலும்பையே அரித்துவிடும். மூட்டு ஆட்டம் காணும். உயிருள்ள எலும்பு நாள்தோறும் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்கிறது. உலோகத்துக்கு அந்த வித்தை தெரியாது. இயற்கைக்கும் செயற்கைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரே சொல்லில் கேட்டால் 'ஆறுதல்' என்பேன். காயம் ஆறுகிறதே, அந்த ஆறுதல்.

அம்மாவுக்கு வலி தூக்கத்தைக் கெடுக்கிறது என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

இயற்கைக்கு மிக அருகில் வந்துவிட்ட செயற்கை உறுப்பு எது?

தயங்காமல் சொல்வேன்: கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ். இரண்டாம் உலகப் போரில் விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் சில விமானிகளின் கண்ணில் பாய்ந்தன. கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஆங்கிலேய மருத்துவர் ஹெரால்டு ரிட்லி கவனித்தார். 1949-இல் அதே வகைப் பொருளால் லென்ஸ் செய்து, கண்புரை நோயாளிக்குப் பொருத்தினார்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நம் இயற்கை லென்ஸ் புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் அந்தக் கதிரைக்கூட ஓரளவு பார்க்க முடியும். கூடுதல் திறன்தானே என்று மகிழலாம். ஆனால் விழித்திரைக்குக் கேடு வருமோ என்ற கவலையால் இப்போதைய லென்ஸ்களில் அந்தத் தடுப்பைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள்.

காலுக்குப் பதில் கார்பன் தகடு பொருத்திய வீரர்கள், கால் உள்ளவர்களைவிட அதிக தூரம் தாண்டுகிறார்களாமே?

ஆம். ஜெர்மனியின் மார்குஸ் ரேம் 2021-இல் நீளம் தாண்டுதலில் 8.62 மீட்டர் தாண்டினார். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய தாண்டல் 8.41 மீட்டர். தகடு, வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் தானாக ஆற்றல் எதையும் உண்டாக்காது. தொடக்கத்தில் வேகம் பிடிக்கச் சிரமப்பட வேண்டும். இரு காலிலும் தகடு அணிந்தவரை ஓரிடத்தில் அசையாமல் நிற்கச் சொல்லிப் பாருங்கள்; நிற்க முடியாது, கால் மாற்றிக்கொண்டே இருப்பார். ஒரு வேலைக்காகத் தீட்டிய கருவி அது. கால் நூறு வேலை செய்கிறது.

அப்படியானால் நல்ல காலை எடுத்துவிட்டு மேலான செயற்கைக் காலைப் பொருத்திக்கொள்வதில் என்ன தவறு? என் உடல், என் உரிமை.

உரிமை உங்களுடையதுதான். ஆனால் அப்படிக் கேட்டு வந்தால் நான் செய்து தரமாட்டேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

செயற்கைக் காலின் உயிர்நிலை மோட்டாரில் இல்லை, சாக்கெட்டில் இருக்கிறது. எஞ்சிய கால் உள்ளே நுழையும் கிண்ணம் அது. காலையில் கச்சிதமாக இருக்கும். நாள் முழுக்க நடந்த பிறகு எஞ்சிய கால் சற்றுச் சுருங்கும், சாக்கெட் தளரும். ஓர் ஓரமாக உட்கார்ந்து, காலைக் கழற்றி, இன்னொரு காலுறையை மாட்டி, மறுபடி அணிய வேண்டும். வியர்வை தேங்கினால் தோல் வெந்துவிடும். ஒரு சிறு கொப்புளம் வந்தால் ஒரு வாரம் ஊன்றுகோல். நடு இரவில் கழிப்பறைக்குப் போவதற்கும் காலை மாட்டியாக வேண்டும். இதற்கெல்லாம் மேலாக, இல்லாத பாதத்தில் எரிச்சலும் முறுக்கும் ஆண்டுக்கணக்கில் வரலாம்.

சாக்கெட்டே வேண்டாம் என்று டைட்டானியம் தண்டை எலும்புக்குள் பதிக்கும் முறையும் இருக்கிறது. டைட்டானியம் எலும்போடு ஒன்றிவிடும் என்பதை ஸ்வீடனின் பிரோனெமார்க் 1950-களில் கண்டறிந்தார். எலும்பு அதை ஏற்கும். ஆனால் தண்டு வெளியே வருகிற இடத்தில் தோல் முழுவதுமாக மூடுவதில்லை. அந்த வாசல் வழியே கிருமி நுழையாமல் வாழ்நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டும்.

கால் போனவருக்கு இவையெல்லாம் தாங்கிக்கொள்ளத்தக்க விலை. கால் இருப்பவர் எதற்காக இந்த விலையைக் கொடுக்க வேண்டும்?

இருப்பதை எடுக்காமல் கூடுதலாகச் சேர்க்கலாமே?

என்னை உண்மையிலேயே ஈர்க்கும் வழி அதுதான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சுண்டுவிரல் பக்கம் அணியும் 'மூன்றாவது கட்டைவிரல்' ஒன்றை வைத்து ஆய்வு செய்தார்கள். கால் பெருவிரல்களை அழுத்தி அதை இயக்க வேண்டும். ஐந்து நாள் பழகியவர்கள் ஒரே கையால் இரு கைகளின் வேலையைச் செய்தார்கள். ஆனால், மூளையில் அந்தக் கையின் விரல்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சற்று மங்கியதை 2021-இல் வெளியான முடிவுகள் காட்டின. புது விரலோடு பழகும்போது மூளையில் பழைய விரல்கள் நெருக்கியடித்துக்கொள்வதுபோலத் தோன்றுகிறது. கழற்றி வைத்துவிடலாம் என்பதே இதன் சிறப்பு.

உடலுக்குள் வைத்த கருவியின் நிறுவனம் மூடப்பட்டால்?

நடந்தே இருக்கிறது. 'ஆர்கஸ் 2' என்ற செயற்கை விழித்திரையில் 60 மின்முனைகள். பார்வை இழந்த 350-க்கும் மேற்பட்டோர் அதனால் ஒளியையும் உருவங்களின் விளிம்பையும் கண்டார்கள். தயாரித்த அமெரிக்க நிறுவனம் 2019-இல் அதைக் கைவிட்டது. அடுத்த ஆண்டு ஊழியர்களில் பெரும்பாலோரை நீக்கியது. பழுதானால் கேட்க ஆளில்லாமல் போனது. ஒரு மனிதருக்கு இரண்டாம் முறையும் பார்வை போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உடலுக்குள் வைக்கும் எந்தக் கருவிக்கும், அதன் வரைபடமும் உதிரிப் பாகங்களும் நிறுவனத்துக்குப் பிறகும் கிடைக்கும் என்ற உறுதியைச் சட்டமே கேட்டு வாங்க வேண்டும். மேம்பட்ட மனிதனைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பேசியாக வேண்டும்.

செயற்கைக் கால் பொருத்தி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அது என் காலாகத் தோன்றவில்லை. எப்போது தோன்றும்?

மூன்று வாரம் மிகக் குறைவு, மனம் தளராதீர்கள். தொடக்கத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தே நடப்பார்கள். ஓர் இளைஞர் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஆறு வாரம் அப்படித்தான் நடந்தார். ஒரு நாள் பின்னாலிருந்து யாரோ கூப்பிட, திரும்பிப் பேசிக்கொண்டே நான்கு அடி வைத்தார். அவர் அதைக் கவனிக்கவே இல்லை, நான்தான் கவனித்தேன்.

எந்த நேரத்தில் எத்தனை காலுறை மாட்டினீர்கள், எங்கே தோல் சிவந்தது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். காலைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்தும் சிவப்பு மறையவில்லை என்றால், அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு உங்களுக்குப் பொருத்தியவரிடம் உடனே போங்கள். சாக்கெட்டில் அந்த இடத்தைச் சற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள்.