ஏர் இன்டேக்கை வீட்டிலேயே மாற்றலாமா? பழைய கார் கேள்வி-பதில்

பழைய காருக்குப் பிக்கப் ஏற்ற ஏர் இன்டேக்கில், அதாவது இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையில், கை வைப்பது பற்றித்தான் இந்தத் தடவை பெரும்பாலான கடிதங்கள். சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: 2004 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரில் பெட்ரோல் பீய்ச்சும் மாடல்). நாலு பேர் ஏறினால் ஏற்காடு மலைப்பாதையில் திணறுகிறது. பிவிசி பைப் வைத்து முன் கிரில்லிலிருந்து ஃபில்டர் பாக்ஸ் வரை குளிர்ந்த காற்று கொண்டுவந்தால் இழுவை கூடுமா? செலவு 400 ரூபாய்தான் ஆகும். (சேலம்)

பதில்: கூடும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. காற்று சுமார் 3 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி 1 சதவீதம் ஏறும், சக்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான் கூடும். உங்கள் வண்டியின் மொத்த சக்தியே 37 குதிரைத்திறன். 1 சதவீதம் என்றால் அரைக் குதிரைத்திறன்கூட இல்லை. அதனால் முதலில் பானெட்டைத் திறந்து ஃபில்டர் பாக்ஸின் மூக்கு எங்கே பார்க்கிறது என்று பாருங்கள். வெளிக்காற்றை எடுக்கும்படி கம்பெனியே வைத்திருந்தால் உங்கள் பைப்புக்கு அங்கே வேலை இல்லை. சைலன்சர் மேனிஃபோல்டு பக்கம் திரும்பி, சூடான காற்றைக் குடித்துக்கொண்டிருந்தால் மட்டும் மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

காற்று வரும் வழியில் அடைப்பு இருக்கிறதா என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் ஒன்றை வாங்கி, யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, பாதிவரை கலர் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) நடுவில் உள்ள ஹோஸில் செருகிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத ஏற்றத்தில் இரண்டாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எத்தனை சென்டிமீட்டர் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளட்டும். வளிமண்டல அழுத்தம் என்பது சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். ஆகவே 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் நீங்கள் இழப்பது சக்தியில் சுமார் 1 சதவீதம். இந்தக் குழாயை த்ராட்டிலுக்கு அந்தப் பக்கம், காற்றைச் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டில் மட்டும் மாட்டிவிடாதீர்கள். அங்கே உள்ள வெற்றிடம் தண்ணீரை அப்படியே இன்ஜினுக்குள் இழுத்துவிடும்.

அளந்து பார்த்த பிறகும் ஆசை இருந்தால் செய்யுங்கள், ஆனால் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டருக்கு முன்னால் உள்ள பகுதியில் என்ன செய்தாலும், தவறினால் தூசி ஃபில்டரில் நிற்கும். ஃபில்டருக்குப் பின்னால் கை வைத்தால், ஒரு கிளாம்ப் லூஸானாலும் மண் நேராக சிலிண்டருக்குப் போகும். தண்ணீர்க் குழாய் பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகிவிடும், அதிர்வில் ஒட்டிய இடம் விரிசல் விடும். அதனால் பிவிசி வேண்டாம், ரப்பர் ஹோஸ் போடுங்கள். அந்த 400 ரூபாயில் முதலில் புது ஃபில்டர் வாங்கி மாட்டுங்கள், அப்புறம் ஸ்பார்க் பிளக், கம்ப்ரஷன், கிளட்ச் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 20 வருடம் ஓடிய வண்டி மலையில் திணறினால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு 12 வோல்ட் எலக்ட்ரிக் டர்போ வருகிறது. 30 சதவீதம் பவர் கூடுமாம். வாங்கலாமா? (ஈரோடு)

பதில்: வேண்டாம். அது ஒரு ஃபேன். ஒரு 800 சிசி இன்ஜினுக்குள் கொஞ்சம் அழுத்தம் ஏற்றவே ஆயிரம் வாட்டுக்கு மேல் வேண்டும், இந்த ஃபேன் எடுப்பதோ 20 வாட் வாக்கில். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது இந்த ஃபேனே வழியை மறிக்கும். பிளேடு உடைந்து உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: 1997 ஜென், கார்புரேட்டர் மாடல். ஒரு ஆக்சஸரீஸ் கடையில் பழைய ஃபில்டர் பாக்ஸைக் கழற்றிவிட்டு, 4,500 ரூபாய்க்குப் பாக்ஸ் இல்லாத கூம்பு ஃபில்டர் மாட்டிவிட்டார்கள். மைலேஜும் கூடும் என்றார்கள். சத்தம்தான் கூடியிருக்கிறது, மைலேஜ் குறைந்துவிட்டது, பானெட்டுக்குள் ஆயில் நாற்றம் வேறு. பழைய பாக்ஸைத் திரும்ப மாட்டலாம் என்று போனால், அதை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். (மதுரை)

பதில்: உங்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. காசு கொடுத்து, அவர்கள் சொன்னதை நம்பினீர்கள், அவ்வளவுதான்.

பழைய பாக்ஸைத் தூக்கிப் போடும் பழக்கத்தைப் பற்றி எனக்குப் பல வருடக் கோபம் இருக்கிறது. உங்கள் காரிலிருந்து கழற்றிய ஒவ்வொரு பொருளும் உங்கள் சொத்து. கேட்காமல் அதை ஓரம் கட்ட கடைக்காரருக்கு உரிமையே கிடையாது. புதிய கார் என்றால் பரவாயில்லை, பாகம் கவுன்டரில் கிடைக்கும். உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு ஒரு ஏர் கிளீனர் பாக்ஸ் தேடுவது எவ்வளவு பெரிய அலைச்சல் என்று பழைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மூடியின் கிளிப் உடையாமல், அடி ரப்பர் வெடிக்காமல் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். அது தகர டப்பா இல்லை. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்கு எவ்வளவு காற்று, எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டுச் செய்த பாகம். பல பழைய கார்களில் டாப்பெட் கவரிலிருந்து (இன்ஜினின் மேல்மூடி) ஆயில் ஆவியைக் கொண்டுவரும் பிரீதர் ஹோஸும் அந்தப் பாக்ஸில்தான் போய்ச் சேரும். உங்களுக்கு அந்த ஹோஸை அந்தரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள், ஆயில் நாற்றம் அங்கிருந்துதான். கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் உள்ள சூட்டுக் காற்றை இழுக்கிறது, சூட்டில் காற்று லேசாகி, பெட்ரோல் விகிதம் ஏறுகிறது. மைலேஜ் குறையாமல் என்ன செய்யும்? இதெல்லாம் தெரியாத கடை இதில் கை வைத்திருக்கவே கூடாது, தெரிந்தே செய்திருந்தால் அது மோசடி.

இப்போது செய்ய வேண்டியது: சென்னைக்கு வர முடிந்தால் புதுப்பேட்டையில் தேடுங்கள், கையில் காரின் வருடமும் மாடலும் பழைய பாக்ஸின் போட்டோவும் இருக்கட்டும். பில் இருந்தால், பாக்ஸின் விலையையும் ஃபில்டர் விலையையும் கேட்டுக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காதீர்கள். பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. விடாதீர்கள்.

கேள்வி: ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டினேன், வண்டி பறக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? (திருப்பூர்)

பதில்: கூடாது. கழற்றியதும் பறக்கிறது என்றால் உங்கள் ஃபில்டர் அடைத்துப்போய் எத்தனையோ நாள் ஆகிறது, நீங்கள் பார்க்கவில்லை. சாலைத் தூசியில் இருப்பது மணல். அது சிலிண்டர் சுவரையும் ரிங்கையும் தேய்க்கும், கொஞ்ச நாளில் நீலப்புகை வரும். 200, 300 ரூபாய் ஃபில்டருக்கு யோசித்து இன்ஜின் வேலைக்குப் பணம் கட்டாதீர்கள். இன்றே வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: பழைய எஸ்டீம். குளிர்ந்த காற்றுக்காக இன்டேக் பைப்பை ஃபாக் லேம்ப் ஓட்டை வரை இறக்கியிருந்தேன். மழைத் தண்ணீரில் போனபோது இன்ஜின் நின்றது. மூன்று நான்கு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தேன், இப்போது லாக். இன்ஷூரன்ஸ் தர மாட்டேன் என்கிறது. வழக்குப் போடலாமா? (வேளச்சேரி)

பதில்: 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த வேளச்சேரியில் இருந்துகொண்டு இன்டேக்கைத் தரையோடு வைத்திருக்கிறீர்கள். தண்ணீரை அமுக்க முடியாது. அது நிறைந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளையும். ஒருதடவை நின்றபோதே விட்டிருந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிப் பிழைத்திருக்கலாம். சாதாரண பாலிசியில் இப்படித் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்து வந்த சேதம் பொதுவாக வராது, இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுத்திருக்க வேண்டும், பழைய வண்டிக்கு அதைத் தரவும் யோசிப்பார்கள். மறுப்பை எழுத்தில் வாங்கி, எந்த விதியின்படி என்று பாருங்கள். ஆனால் மாற்றம் செய்ததைச் சொல்லாமல் இருந்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான்.

கேள்வி: கடையில் தரும் ஏர் ஃபில்டர் டூப்ளிகேட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (தஞ்சாவூர்)

பதில்: டப்பாவைப் பார்க்காதீர்கள், டப்பாதான் முதலில் காப்பி ஆகிறது. நான் ஒரிஜினல் விலை கொடுத்து வாங்கிய ஒன்று, ஹோலோகிராம் எல்லாம் ஒட்டியிருந்தது, மாட்டிய சில வாரத்தில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரப்பர் விளிம்பு பாக்ஸில் பதியவே இல்லை, அதைத் தாண்டித் தூசி கோடு கோடாக உள்ளே போயிருந்தது. கடைக்காரர் பில்லே கொடுக்கவில்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீங்கள் பழைய ஃபில்டரைக் கையோடு எடுத்துப்போங்கள். மடிப்புகளை எண்ணுங்கள், டூப்ளிகேட்டில் பெரும்பாலும் குறைவாக இருக்கும். விளிம்பை நகத்தால் அழுத்தினால் திரும்ப எழ வேண்டும். மொபைல் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் ஒரே சீராக மங்கித் தெரிய வேண்டும், ஊசிப் புள்ளியாகப் பளிச்சென்று தெரிந்தால் ஓட்டை. ஜிஎஸ்டி பில் இல்லாமல் நகராதீர்கள்.

கேள்வி: கூம்பு ஃபில்டர் போட்டால் ஆர்டிஓ பிடிப்பாரா? (நாமக்கல்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஏர் ஃபில்டர் ஆர்சியில் வராது. ஆனால் புகையும் சத்தமும் அளவு மீறினால் தனியாக அபராதம் உண்டு.

கேள்வி: 1992 அம்பாசடர் டீசல். ஆயில் பாத் ஏர் கிளீனரை (தூசியை ஆயிலில் பிடிக்கும் பழைய வகை) தூக்கிவிட்டுப் பேப்பர் ஃபில்டர் போடச் சொல்கிறார் மெக்கானிக். (கும்பகோணம்)

பதில்: நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். கழுவி, ஆயில் மாற்றினால் போதும். உள்ளே கோடு போட்டிருக்கும், அதற்கு மேல் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். கூடிப்போனால் டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரித்துத் தானாக வேகம் எடுக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.