வெள்ளை ஓரத்தை வெட்டலாமா?

அன்புள்ள ஐயா,

அப்பா தாம்பரம் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு லண்டனில் இருக்கும் அக்கா ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் போர் விமானத்தின் படம் ஒன்றை அனுப்பினாள். லிமிடெட் எடிஷன். அடியில் பென்சிலில் 212/500 என்ற எண், ஓவியரின் கையெழுத்து, பாப் டோ என்ற விமானியின் கையெழுத்து. ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டி மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள். ஃபிரேம் கடைக்காரர், "வெள்ளை ஓரத்தை வெட்டிட்டா பளிச்னு ஆயிடும் சார்" என்கிறார். வெட்டலாமா? அச்சுப் படம்தானே?

வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

வெட்டாதீர்கள். படம் கடையில் இருந்தால் இன்றே போய் வாங்கி வந்துவிடுங்கள்.

எனக்கு இது நடந்திருக்கிறது. பல வருடம் முன்பு ஃபிரேம் போடக் கொடுத்த ஒரு படம், அடியில் இரண்டு விரற்கடை குறைந்து திரும்பி வந்தது. "சைஸுக்கு வரல சார், காலி இடம்தானே" என்றார் கடைக்காரர். அந்தக் காலி இடத்தில்தான் எண்ணும் இரண்டு விமானிகளின் கையெழுத்தும் இருந்தன. குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் தேடியதில் பாதிக் கையெழுத்தோடு ஒரு துண்டு கிடைத்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

படம் ஆஃப்செட்டில் அடித்ததுதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வண்ணப் புள்ளிகள் தெரியும். இயந்திரம் ஐயாயிரம்கூட அடிக்கும். பதிப்பாளர் 500-இல் நிறுத்திக்கொள்கிறார். (ஓவியர் பிரதி, பதிப்பாளர் பிரதி என்று தனி எண்ணிக்கையில் இன்னும் கொஞ்சம் இருக்கும், 500 என்பதை முழுக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) பிறகு ஒவ்வொரு தாளிலும் விமானி கைப்பட எழுதுகிறார். தாளைச் சாய்த்து விளக்கில் பிடியுங்கள்: பென்சில் கரி மினுங்கும், அழுத்திய இடம் லேசாகப் பள்ளமாக இருக்கும். அச்சடித்த கையெழுத்தில் அது இருக்காது. பாப் டோ 2010-இல் காலமானார். அவரைப் போலவே 1940-இல் ஜெர்மன் விமானங்களை எதிர்த்துப் பிரிட்டன் வான்போரில் பறந்தவர்களில் கடைசியாக இருந்த ஜான் ஹெமிங்வே 2025 மார்ச்சில், 105 வயதில் போய்விட்டார். இனி ஒரு தாளில்கூட அவர்கள் யாரும் கையெழுத்துப் போட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டோ அந்த 1940 கோடையில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரனில், அதாவது படைப்பிரிவில். உங்கள் படத்தில் விமானத்தின் உடலில் ஏ, இசட் என்ற எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். அது அவர்களுடைய குறி. அந்த ஸ்குவாட்ரனின் பெயரோடு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்பதும் சேர்ந்தது. நம் மாகாணத்திலிருந்து திரட்டிக் கொடுத்த போர் நிதிக்காக வைத்த பெயர். 79, 264 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கும் அதே பெயர் உண்டு. நம் ஊர்ப் பெயரைச் சுமந்த படையின் விமானி எழுதிய தாள் குரோம்பேட்டைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பழுப்புப் புள்ளிக்குக் காரணம் நம் ஊர் ஈரமும், பின்னால் வைத்த மலிவான அட்டையின் அமிலமும்தான். ரப்பர், பிளீச் எதுவும் வேண்டாம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930 முதல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. முதலில் அங்கே போய் யோசனை கேளுங்கள். மறுபடி ஃபிரேம் போடும்போது அமிலமில்லாத அட்டை கேட்டு வாங்குங்கள். செலோடேப் கூடாது, நான்கு மூலைகளையும் காகித உறைகளில் செருகினால் போதும். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் மவுண்ட், அதாவது ஜன்னல் போல வெட்டிய அட்டை வேண்டும், அதன் ஜன்னல் கையெழுத்துக்குக் கீழேவரை திறந்திருக்கட்டும். மழையில் ஊறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வெயிலும் படக் கூடாது: மஞ்சளும் சிவப்பும் முதலில் வெளுத்து, வானமும் வயலும் ஒரே நீலமாகிவிடும்.

ஃபிரேமைப் பிரிக்கும் அன்று அப்பாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தாளை அவர் கையால் ஒருமுறை சாய்த்துப் பார்க்கட்டும்.