பதில்: தம்பி பிடிபட்டதாகத் தகவல், ராணுவமோ 'காணவில்லை' என்கிறது

போரில் உங்கள் தம்பி எதிர்த்தரப்பிடம் பிடிபட்டதாகத் தகவல் வந்தும், ராணுவம் 'காணவில்லை' என்றே சொல்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று வாரமாக அவரிடமிருந்து தகவல் இல்லை என்பதால் மனதைத் தளரவிடாதீர்கள். போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய 1949 மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 70-ஆம் பிரிவுப்படி, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள் கைதி தான் பிடிபட்டதைத் தெரிவிக்கும் 'பிடிபட்டோர் அட்டை'யைக் குடும்பத்துக்கு எழுத அனுமதிக்க வேண்டும். இடைத்தங்கல் முகாமுக்கும் இது பொருந்தும். நடைமுறையில் முன்னரங்கில் பதிவு தாமதமாகும், அட்டை வழியில் தேங்கும். பிடித்த தரப்பு பெயரை அறிவிக்கும்வரை உங்கள் ராணுவமும் 'காணவில்லை' என்றே வைத்திருக்கும்.

இன்றே செஞ்சிலுவைச் சங்கத்தில் தேடல் விண்ணப்பம் கொடுங்கள். கட்டணம் கிடையாது, பணம் கேட்பவர் மோசடிக்காரர். முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, படை எண், கடைசியாகத் தெரிந்த இடமும் நாளும் வேண்டும். தேடல் பெரும்பாலும் சிக்குவது பெயரின் எழுத்துக்கூட்டலில்தான். எதிர்த்தரப்பு மொழியில் அவர் பெயரை எப்படியெல்லாம் எழுதக்கூடுமோ, அத்தனையும் சேர்த்துக் கொடுங்கள். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள்.

அவர் படைப்பிரிவு, பொறுப்பு, சீருடைப் படம் எதையும் சமூக ஊடகத்தில் போடவே போடாதீர்கள். அவரைப் பிடித்துவைத்து விசாரிப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள். தம்பிக்கு எழுதும் கடிதத்தில் குடும்பச் செய்தி மட்டும் எழுதுங்கள். மற்றதைத் தணிக்கை நிறுத்திவிடும்.

விடுதலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். சண்டை ஓய்ந்ததும் தாமதமின்றி அனுப்ப வேண்டும் என்கிறது 118-ஆம் பிரிவு. போர் நடக்கும்போதே அனுப்பவேண்டியவர்கள் படுகாயமுற்றோரும் கடும் நோயாளிகளும். தம்பிக்குக் காயம் என்று தெரிந்தால் மருத்துவ விவரத்தையும் விண்ணப்பத்தில் சேருங்கள். மற்றவர்களுக்கு, இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்ளும்போது போடும் பரிமாற்றப் பட்டியல்தான் வழி. அதற்கும் அவர் பெயர் முதலில் கைதியாகப் பதிவாகியிருக்க வேண்டும்.