பல வருடம் ஓடாமல் நின்ற தாத்தாவின் காரை மறுபடி கிளப்ப முடியுமா?

முடியும். ஆனால் "புது பேட்டரி வாங்கிவிட்டேன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணப் போகிறேன்" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். தயவுசெய்து சாவியைத் திருப்பாதீர்கள்.

ஓடாமல் நிற்கிற காருக்கு எட்டு வருடம் சாலை வரி கட்டி வைத்திருக்கிறீர்கள் என்றால் விற்கிற எண்ணம் இருக்காது. எங்கள் கதையும் அதேதான். அப்பாவின் 1965 மோரிஸ் மைனர், 1098 சிசி. அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு சிராங்கூன் கார்டனில் சித்தப்பா வீட்டு வாசலில் ஏழு வருடம் கவர் போட்டு நின்றது. சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் இருப்பதால் வருடத்துக்கு 45 நாள்தான் ரோட்டில் இறக்கலாம். அந்த 45 நாளும் வீணாகப் போய்க்கொண்டிருந்தன. கவரை எடுத்தபோது சீட்டெல்லாம் பூசணம், துணி ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. சிங்கப்பூர் ஈரத்துக்குக் கவர் நல்லதே இல்லை.

முதலில் ஒரு ஒர்க்‌ஷாப்பைத்தான் கூப்பிட்டேன். வந்தவர் ஜம்பர் கேபிளை எடுத்துக்கொண்டு நேராக பானெட்டைத் திறந்தார். இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவும் அப்படித்தான். அவர் நெகட்டிவான கருப்பு வயரை பாடியில் மாட்டப் போனார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, எங்கள் புளோக்கிலேயே இருக்கும் ஓர் அண்ணனிடம் போய் நின்றேன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, ஓடுறது அப்புறம். முதல்ல நிக்குமான்னு பாரு" என்றார்.

அதனால் பிரேக்கில்தான் ஆரம்பித்தோம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஏழு வருடத்தில் வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தது. ரப்பர் வாஷரைத் தொட்டால் மை மாதிரி விரலில் ஒட்டியது. மைனரில் பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், சேஸிஸுக்குள் இருக்கிறது. அதைக் கழற்ற, முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பாரையே நகர்த்த வேண்டும். இரண்டு சனிக்கிழமை அதிலேயே போனது.

அந்த இரண்டு சனிக்கிழமையில் ஒன்று ஸ்பானருக்காகவே போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியின் நட்டுகள் அங்குலக் கணக்கு. அரை அங்குல நட்டில் 13 மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டால் லேசாக ஆடும், இறுக்கித் திருப்பினால் நட்டின் முனை மழுங்கிவிடும். அப்பாவிடம் முழு செட்டும் இருந்தது, பச்சைத் தகரப் பெட்டியில், ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி. அப்பா இறந்து வீட்டைக் காலி செய்தபோது என் அண்ணன் அதைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் போய்த் தேடலாம் என்றால் அதையும் 2017-இல் மூடிவிட்டார்கள். அண்ணனிடம் இப்போது நன்றாகத்தான் பேசுகிறேன், ஆனால் இது மட்டும் ஆறவில்லை.

சரி, இன்ஜின். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு மூன்று நாள் விட்டோம். பிறகு பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றி, முன்பக்கம் கைப்பிடியைச் செருகிக் கையாலேயே சுற்றினோம். முதலில் அசையவில்லை. மெக்கானிக் அண்ணன் அழுத்தாமல் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் விட்டுக்கொடுத்தது. ஜம்ப் ஸ்டார்ட் பண்ணினேன், ஒன்றும் ஆகவில்லையே என்பவர்கள் உண்டு. அவர்கள் வண்டி தப்பியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயில் முழுக்கக் கீழே வடிந்து, சிலிண்டர் சுவரில் துரு இருக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டு இழுத்தால் பிஸ்டன் ரிங் உடையலாம், சுவரில் கீறல் விழலாம்.

டேங்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் நாற்றம் அடித்தது. முழுக்க இறக்கிக் கழுவினோம். புது பெட்ரோல் ஊற்றி ஸ்விட்சைப் போட்டால் பெட்ரோலை கார்புரேட்டருக்கு ஏற்றும் எஸ்யூ மின் பம்ப் பேசவே இல்லை. அண்ணன் ஸ்க்ரூடிரைவர் பிடியால் பக்கத்தில் ஒரு தட்டு தட்டினார். டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்தது, கார்புரேட்டர் நிறைந்ததும் தானே நின்றது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். உடனே ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பிளக்குக்கு ஸ்பார்க் கிடைக்கச் செய்யும் பாயிண்டை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பிளக்குகளை மாட்டி, மூன்றாவது முயற்சியில் கிளம்பியது. தெரு முழுக்க நீலப் புகை. சித்தி உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டார்.

டயரில் பட்டை நன்றாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஓரத்தில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். எட்டு வருடமாக நிற்கிற டயரில் ரோட்டுக்குப் போகவே வேண்டாம்.

உங்கள் வண்டி எந்த மாடல் என்று எழுதவில்லை. எழுதினால் பிரேக் பாகம் எங்கே கிடைக்கும் என்று அந்த அண்ணனிடமே கேட்டுச் சொல்கிறேன். அதற்கு முன்னால் தாத்தாவின் டூல் பெட்டி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டில் கேட்டு, எடுத்து உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.