உளுந்து நன்றாகப் பூக்கிறது, ஆனால் காய் பிடிக்கவில்லை. காரணம் வெயிலா, தண்ணீரா?

இரண்டும்தான். பூக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து தாக்கும்போதுதான் பூ இப்படிக் கொட்டும்.

எங்களுடையது காவிரி டெல்டா. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். அப்புறம் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அதற்குச் சாப்பாடு. பொங்கலை ஒட்டி விதைத்தால் மாசியில் பூத்துவிடும். தை கடைசிக்குத் தள்ளினால் பூ பங்குனிக்குப் போய்விடும். அதற்குள் மேல்மண் காய்ந்து வெயிலும் ஏறிவிடும்.

உளுந்துக்கு 25 முதல் 35 டிகிரி வரை தோதான வெப்பம். 40-ஐ ஒட்டிப் போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். ஆனால் ஈரம் இருக்கும்வரை செடி இலை வழியாக நீரை ஆவியாக்கித் தன் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஈரம் தீர்ந்தால் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும், சூடு ஏறும். ஒரே வெயிலில் ஒரு வயல் காய்த்து, பக்கத்து வயல் உதிர்வது இதனால்தான்.

மத்தியானம் இலைகள் வெயில் படாமல் விளிம்பைத் திருப்பி நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது செடியின் தற்காப்பு. விடிந்த பிறகும் துவண்டு கிடந்தால்தான் ஆபத்து. வாய்ப்பிருந்தால் பூக்கும்போது ஒன்று, காய் முற்றும் முன் ஒன்று எனத் தண்ணீர் கொடுங்கள்.

ஆனால் தேங்க விடாதீர்கள், உளுந்துக்கு அது வறட்சியைவிடக் கெடுதல். ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரில் சிறு உருண்டையாக இருக்கும் வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) சேர்கிறது என்று அர்த்தம். தண்ணீர் தேங்கிய இடத்தில் காற்று இல்லாமல் முடிச்சு பச்சையாகவோ பழுப்பாகவோ மாறியிருக்கும், இலையும் வெளுத்துவிடும்.

இப்போதைக்கு, ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி உரத்தை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்து, தண்ணீர் சேர்த்து 200 லிட்டராக்கி மாலையில் தெளியுங்கள். 15 நாள் கழித்து இன்னொரு முறை. உதிர்ந்த பூ திரும்பாது, அடுத்து வரும் பூவாவது நிற்கும். அடுத்த போகத்தில் விதைப்பை முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.